வந்தவர் சொல்லும் இருப்பவர் வாழ்வும்



பினாங்கு கப்பலால் வளர்ந்த ஊர். நம் பாட்டன் பாட்டிமார் பலர் இந்தத் துறைமுகத்தில் இறங்கித்தான் கரும்புத் தோட்டத்துக்கும் பால்மரக் காட்டுக்கும் போனார்கள். பிழைப்பைத் தேடி வந்தவர்களோடு, கொள்கையைச் சுமந்து வந்தவர்களும் இங்கே இறங்கியிருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் ஆர்மினியன் தெருவில் 120ஆம் எண் வீட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சீன நாட்டில் மன்னராட்சியை ஒழிக்கப் பாடுபட்ட சன் யாட் சென், 1910ஆம் ஆண்டில் பினாங்கில் தங்கியபோது அவருடைய இயக்கத்தின் இடமாக இருந்தது அந்த வீடு. அவர் ஆதரவு திரட்டினார், பணமும் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கில அரசு அவரை வெளியேறச் செய்தது. 1911 ஏப்ரலில் காண்டன் நகரில் எழுந்த கிளர்ச்சி தோற்றது. உயிர்விட்டவர்களில் மலாயாவிலிருந்து சென்ற சீனர்களும் இருந்தார்கள். அக்டோபரில் மூண்ட புரட்சியே வென்றது.

இன்று அந்த வரலாற்றின் முடிவு நமக்குத் தெரியும். அன்று பணம் கொடுத்தவருக்கு அது தெரியாது. வந்தவரை எடைபோட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இன்று நாம் சிந்திக்கும் கேள்வி இது: வெளியூரிலிருந்து வந்து ஒரு போராட்டத்தில் சேர்பவரின் சொல்லை எப்படி மதிப்பிடுவது?

சாதாரணமாக நாம் கையாளும் அளவுகோல்கள் சில உண்டு. படித்தவர் சொன்னால் சரி என்போம். வெள்ளைக்காரரே நம் பக்கம் பேசுகிறார் என்று பூரித்துப் போவோம். தொலைவிலிருந்து வந்தவர் என்பதற்காகவே மாலை போடுவோம். இதற்கு நேர்மாறாக, "வெளியாளுக்கு இங்கே என்ன வேலை?" என்று ஒரே வார்த்தையில் தள்ளியும் விடுவோம். இவை எல்லாம் ஆளின் மேல்சட்டையைப் பார்க்கும் அளவுகோல்கள்.

இலங்கை மலையகத்தில் 1937ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். மார்க் பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் தேயிலைத் தோட்டத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்குக் கப்பலேறி வந்தார். மடுல்கலைக்கு அருகிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் சேர்ந்தார். அவர் துரைமார் வரிசையில் உட்கார வேண்டியவர். ஆனால் தோட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையை இழந்தார். பிறகு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர் திரண்ட கூட்டத்தில், என்.எம். பெரேரா அழைக்க, மேடையேறித் துரைமாருக்கு எதிராகப் பேசினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

ஆளுநர் ஸ்டப்ஸ், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போக உத்தரவிட்டார். அவர் போகவில்லை, தலைமறைவானார். மே 5ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் பெருங்கூட்டத்தின் முன் தோன்றிப் பேசினார். பின்னர் கைதானார். வழக்கறிஞர் எச்.வி. பெரேரா அவருக்காக வாதாடினார். மே 18ஆம் நாள், மூன்று நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்றம், அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. நெருக்கடிக் காலத்துக்கென்று இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு, அமைதிக் காலத்தில் ஒருவரை வெளியேற்ற முடியாது என்பது அதன் சாரம்.

நாவலப்பிட்டிக் கூட்டத்தில் நின்ற ஒரு தொழிலாளியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். இவர் உண்மையானவரா என்பதை எப்படி அறிவது?

முதலாவது, இவர் தோட்டத்தில் இருந்து பார்த்தவர். லயத்தையும் பிரட்டுக் களத்தையும் பிறர் சொல்லக் கேட்டு வந்தவரல்லர். இரண்டாவது, இவர் ஏற்கெனவே ஒன்றை இழந்திருக்கிறார். மேடையில் பேசுவதால் இவருக்குக் கிடைக்கப்போவது ஆதாயமா, இழப்பா என்று பார்த்தால் விடை தெளிவு. மூன்றாவது, இவர் தாமாக மேடை போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாட்டிலேயே வாழ்ந்து, நாளையும் அங்கேயே இருக்கப்போகிறவர்கள் அழைத்து வந்தார்கள். இந்த மூன்றும் தோலின் நிறத்தைவிட எடை கூடியவை.

ஆனால் நேயர்களே, கதை இத்துடன் முடியவில்லை. பிரேஸ்கேர்டில் அதே ஆண்டின் பிற்பகுதியில் தாமாகவே இலங்கையை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பயணி என்றால் ஒரு நாள் போகத்தான் செய்வார். தொழிலாளர் எங்கே போவார்கள்? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. அந்த நாள்களைத் தாங்கியவர்கள் லயத்தில் இருந்தவர்கள்தாம்.

இங்கேதான் நாம் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒருவர் மனத்தால் நேர்மையானவரா என்பது ஒரு கேள்வி. அவர் காட்டும் வழியில் நாம் நடக்கலாமா என்பது வேறொரு கேள்வி. நேர்மையானவர் சொல்வதாலேயே வழி பாதுகாப்பானது ஆகிவிடாது. யார் சொன்னாலும் பொருளைப் பார் என்று நம் பிள்ளைகள் குறளில் படிக்கிறார்கள். செய்தியின் மெய்ம்மைக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் "வேலையை நிறுத்துங்கள்", "பணம் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்கும்போது, அதன் விளைவை யார் சுமப்பார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மேடையேறிப் பேசுபவரைப் போலவே, கேட்டு எழுதிக்கொள்ள வருபவரும் உண்டு. சி.எப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர், 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கி, தென்னாப்பிரிக்க இந்தியரின் போராட்டத்துக்குத் துணை நின்றார். 1915இல் பியர்சன் என்ற நண்பருடன் பிஜித் தீவுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களில் நம்மவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் அனுப்பியதால் குடும்ப வாழ்வு எவ்வளவு சீரழிந்தது என்பதை இருவரும் நேரில் கண்டு அறிக்கையாக எழுதினார்கள். அறிக்கை என்றால், எதிர்ப்பவரும் சரிபார்க்கக்கூடிய ஒன்று. 1917இல் ஆண்ட்ரூஸ் மீண்டும் பிஜிக்குப் போனார். அந்த ஆண்டிலேயே ஒப்பந்தக்கூலி ஆள்பிடிப்பு நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி முதல் நாளில் எஞ்சிய ஒப்பந்தங்களும் முடிந்தன. அவர் ஒருவராலேயே இது நடந்துவிடவில்லை. இந்தியாவில் எழுந்த பெரும் எதிர்ப்பும் காரணம். ஆனாலும் கேட்டு, எழுதி, திரும்பவும் வந்து பார்த்த மனிதரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

நம் நாட்டுக்கே வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் முன்னின்ற ஆர்.எச். நாதன் தமிழகத்திலிருந்து வந்தவர். பத்திரிகைத் துறையில் இருந்தவர். அரசு அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. தூண்டிவிட்டவரை அகற்றினால் எல்லாம் அடங்கும் என்று கருதினார்கள். கோரிக்கைகள் என்னென்ன? சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழித்தல். இவை உண்மையா என்று அறிய நாதனை நம்ப வேண்டியதில்லை. தோட்டத்தில் சைக்கிள் ஓட்டிய யாரைக் கேட்டாலும் தெரியும். "வெளியாள்" என்ற சொல் கோரிக்கைக்கு மறுமொழி ஆகாது.

ஆகவே நம் வீட்டில், குறிப்பாக வளர்ந்த பிள்ளைகளோடு, ஐந்து கேள்விகளைப் பேசி வைத்துக்கொள்வோம். வந்தவர் தாமே கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? அவர் சொல்வதை நாம் இங்கேயே சரிபார்க்க முடியுமா? நம்மோடு வாழ்கிறவர் யார் அவருக்குப் பொறுப்பு நிற்கிறார்? காரியம் தவறினால் இழப்பு யாருக்கு? பணம் வாங்கினால் வெள்ளிக்கு வெள்ளி கணக்குக் காட்டுகிறாரா? இந்நாளில் ஆள் வராமலே கைப்பேசியில் பேச்சும் படமும் வந்து சேர்கின்றன. அவற்றுக்கும் இதே கேள்விகள் போதும்.

வருகிறவரை மரியாதையோடு உட்கார வைப்போம், தேநீர் கொடுப்போம், சொல்வதை முழுவதும் கேட்போம். முடிவை மட்டும், அவர் போன பிறகும் இங்கே இருக்கப்போகும் நாமே கூடிப் பேசி எடுப்போம்.