நோய் முகம் காட்டுமுன்



கூடி வாழும் பண்பைக் குழந்தை வீட்டுக்கு வெளியே முதன்முதலாகக் கற்கும் இடம் குழந்தைகள் மையம். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற திட்டத்தின் பயனாக, இன்று ஊர்தோறும் அங்கன்வாடி என்னும் பெயரில் இம்மையங்கள் நடைபெறுகின்றன. அங்கே பாட்டு உண்டு, கதை உண்டு, நண்பகல் உணவு உண்டு, உண்டபின் பாயில் உறக்கமும் உண்டு. இருபது குழந்தைகள் ஓர் அறையில் கூடும்போது அவர்கள் ஒரே காற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். அக்காற்றின் வழியே பரவும் நோய்களைத் தடுப்பது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எங்களிடம் கூறுவானேன் என்று நீங்கள் வினவலாம். காலையில் தம்பியையோ தங்கையையோ கைப்பிடித்து மையத்துக்கு அழைத்துச் செல்வோர் உங்களுள் பலர் அல்லரோ? அக்குழந்தைக்கு மூக்கொழுகுவதை முதலில் காண்பவரும் நீங்களே.

இருமும்போதும் தும்மும்போதும், ஏன், உரக்க அழும்போதுங்கூட, வாயினின்று நுண்ணிய நீர்த்துளிகள் தெறிக்கின்றன. பருத்த துளிகள் விரைவில் கீழே விழுந்து, பொம்மையிலும் பாயிலும் கையிலும் படிகின்றன. மிக நுண்ணியவை காற்றில் மிதக்கின்றன. தட்டம்மைக் கிருமி, நோயுற்ற குழந்தை அறையை விட்டு நீங்கிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை அங்கே தங்கியிருக்க வல்லது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இந்நோய்கள் தம் முகத்தைக் காட்டுமுன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. தட்டம்மை, உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே பிறரைப் பற்றக்கூடும். இன்புளுவென்சா என்னும் சளிச்சுரம், காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்பே பரவலாம். கக்குவான் இருமலோ முதல் ஓரிரு வாரம் சாதாரண நீர்க்கோவையைப் போலவே தோன்றும். மிகுதியாகப் பரவுவதும் அந்நாட்களில்தான்.

கக்குவானைப் பற்றிய ஒரு வரலாற்றை இங்கே கூற விரும்புகிறேன். அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்றொரு நகர் உண்டு. 1932ஆம் ஆண்டில், அந்நாடு பொருளாதார நலிவில் வாடிய வேளையில், பேர்ல் கெண்டிரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண் அறிஞர்கள் அங்கே இந்நோயை ஆராயத் தொடங்கினர். இருவரும் முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். பகலில் ஆய்வுக்கூடப் பணியை முடித்து, மாலையில் ஏழையர் வீடுகளுக்குச் செல்வார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், கிருமி வளர்வதற்கு ஏற்ற கூழ் பரப்பிய தட்டைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து இருமச் செய்வார்கள். கிருமி வளர்ந்தால் அக்குழந்தையிடமிருந்து நோய் இன்னும் பரவும்; வளராவிடின் அச்சம் குறைவு. ‘இக்குழந்தை எப்போது மற்றக் குழந்தைகளோடு மீண்டும் சேரலாம்?’ என்னும் வினாவுக்கு அத்தட்டு விடை கூறிற்று. பெரும்பாலோரிடம் ஐந்து வாரத்துக்குள் கிருமி மறைவதை அவர்கள் கண்டார்கள். அதே முயற்சியிலிருந்து பயனுள்ள தடுப்பூசி ஒன்றும் பிறந்தது. இன்று மருத்துவர் தரும் தக்க மருந்தை ஐந்து நாள் உட்கொண்டபின், கக்குவான் கண்ட குழந்தை மையத்துக்குத் திரும்பலாம்.

இவற்றால் நாம் அறிவது யாது? நோயாளி யார் என்று தெரிந்தபின் காக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆகவே எல்லோரும் நலமாக இருக்கும் நாளிலும் காப்பு இருத்தல் வேண்டும். எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தால் காற்று மாறிக்கொண்டே இருக்கும். மழை நாளில் கதவை இறுக மூடும் வழக்கத்தை மாற்ற வேண்டும். உறங்கும்போது பாய்களை இடைவெளி விட்டு விரித்து, ஒரு குழந்தையின் தலைப்பக்கம் அடுத்த குழந்தையின் கால் வருமாறு படுக்க வைக்கலாம். ஆணியில் தொங்கும் ஒரே துண்டால் எல்லோருடைய மூக்கையும் துடைப்பது கூடாது. சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பதற்குப் பதிலாக ஈரத்துணியைத் தரலாம். உண்ணுமுன்னும் மூக்கைச் சிந்திய பின்னும் சோப்பிட்டு இருபது நொடி கை கழுவுதல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முகக்கவசம் பொதுவாகத் தேவையில்லை என 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. எனவே இருமலுள்ள பெரியவரே அதனை அணிதல் வேண்டும்.

தடுப்பூசியோ குழந்தை மையத்துக்கு வருமுன்பே கிடைக்கும் காப்பு. கக்குவானுக்குரிய ஊசி பிறந்து ஆறாவது வாரத்திலேயே தொடங்குகிறது. தட்டம்மைக்குரியது ஒன்பது மாதம் நிறைந்தபின். ஊசி தொடங்காத பச்சிளங்குழந்தைக்குக் கக்குவான் உயிருக்கே இடராகலாம். அண்ணன் மையத்திலிருந்து கொண்டுவரும் இருமல் தொட்டிலில் கிடக்கும் தங்கையைத் தாக்கக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது.

நோய் கண்டுவிட்டால், குழந்தையை வீட்டில் இருத்தல் வேண்டும். மருந்தின்றியே காய்ச்சல் நீங்கி ஒரு முழு நாள் கழிந்தபின் அனுப்பலாம். தட்டம்மையாயின், தடிப்புத் தோன்றி நான்கு நாள் கழிதல் வேண்டும். சொல்வது எளிது. நான் கண்ட ஒரு மையத்தில், காய்ச்சலோடிருந்த மகனைத் தாய் ஒருத்தி அழைத்து வந்தாள். “இன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றார் ஆசிரியை. “வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை டீச்சர், இவனை யாரிடம் விட்டுப் போவேன்?” என்றாள் அவள். அவ்வினாவை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இருபது குழந்தைகளின் நலனுக்காக ஒருத்தி மட்டும் தன் கூலியை இழப்பது முறையாகுமா? அன்று அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் அச்சிறுவனைப் பார்த்துக்கொண்டார். சட்டத்தாலும் ஊசியாலும் செய்ய இயலாத ஒன்றை அம்மூதாட்டியின் அன்பு செய்தது.

வீட்டிலிருக்கும் குழந்தையின் மூச்சைக் கவனியுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு நாற்பதும் அதற்கு மேலும் மூச்சு விட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, நிமோனியாவாக இருக்கலாம். அப்போது காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, சாளரத்தைத் திறப்பதற்குப் பணம் வேண்டா. மூச்சை எண்ணுவதற்குப் பட்டம் வேண்டா. விடுமுறை நாளொன்றில் அண்டை வீட்டுக் குழந்தையை ஒரு பொழுது பார்த்துக்கொள்ளவும் உங்களால் இயலும். நோயைத் தடுக்கும் பணியில் உங்கள் பங்கை அங்கிருந்தே தொடங்குங்கள்.