வைத்தியர் கையைக் கட்டிய சட்டம்



நஞ்சும் மருந்தும் ஒரே கதிரில் விளையலாம் என்பது மண்ணோடு பழகியவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஐரோப்பாவில் றை என்னும் தானியக் கதிரிலே கறுத்த கொம்புபோல ஒரு பங்கசு வளரும். கம்புக் கதிரில் தேனொழுகல் நோயை உண்டாக்குவதும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. அது கலந்த மாவை உண்டு முற்காலத்தில் மக்கள் கைகால் அழுகி மாண்டனர். அதே பங்கசிலிருந்துதான், பிள்ளைப்பேற்றின் பின் பெருகும் இரத்தத்தை நிறுத்தும் எர்கோமெற்றின் கிடைத்தது. நஞ்சென்று அஞ்சி அன்று ஆராய்ச்சியைத் தடுத்திருந்தால், அம்மருந்தால் பிழைத்த தாய்மாரின் கதி என்னவாகியிருக்கும்?

அதன் வழிவந்த இன்னொன்றே எல்.எஸ்.டி. 1938-இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், சண்டோஸ் கம்பனியின் இரசாயன அறிஞர் அல்பேட் ஹொவ்மன் அதனை ஆக்கினார். 1943 ஏப்ரில் 19-ஆம் நாள் கால் மில்லிகிராம் அளவைத் தாமே உட்கொண்டு, அது மனத்தைத் தலைகீழாக்குவதைக் கண்டார். 1947 முதல் கம்பனி அதனை வைத்தியர்களுக்கு வழங்கியது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒஸ்மண்ட், ஹொவ்வர் என்னும் வைத்தியர்கள் 1950-களில் குடிப்பழக்கத்துக்கு அடிமையானோருக்கு அதனைக் கொடுத்தனர். பலர் குடியைக் கைவிட்டதாக எழுதினர். அக்கால ஆராய்ச்சிகள் குறையற்றவை என்று நாம் வாதிடவில்லை. ஒப்புநோக்குவதற்கு வேறு நோயாளர் குழுவொன்று பலவற்றில் வைக்கப்படவில்லை. குறையைத் திருத்த மேலும் செம்மையாக ஆராய்ந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன?

மருந்து வீதிக்கு வந்தது. இளைஞர்கள் மனம்போனபடி உட்கொண்டனர். அரசுகள் அஞ்சின. 1965-இல் சண்டோஸ் வழங்கலை நிறுத்தியது. 1966-இல் கலிபோர்ணியா மாநிலம் தடை விதித்தது. அதே ஆண்டு அமெரிக்க செனற் சபைக் குழுவொன்றில், சில மாதங்களுக்கு முன் பயனுள்ளவையாயிருந்த ஆராய்ச்சிகள் இப்போது பயனற்றவையானது எங்ஙனம் என்று றொபேட் கென்னடி அதிகாரிகளை வினவினார். ஆயினும் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மருந்துகளை முதலாம் அட்டவணையில் தள்ளியது. ஏற்கப்பட்ட வைத்தியப் பயன் இல்லாதவை என்பது அவ்வட்டவணையின் இலக்கணம். 1971-இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் அவ்வழியே சென்றது.

பயன் இல்லை என்பதால் தடை. தடை இருப்பதால் பயனைக் காட்ட வழியில்லை! நீந்தத் தெரிந்தபின் குளத்தில் இறங்கு என்பதுபோன்ற நியாயம் இது. ஆராய்ச்சிக்கு அனுமதி பெறலாம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது உண்மை. 1990-இல் நியூ மெக்சிக்கோவில் டி.எம்.டி. என்னும் மருந்தை ஆராய்ந்த றிக் ஸ்ட்ராஸ்மன், அந்த அனுமதிக்காக ஏறத்தாழ இரண்டாண்டு போராட வேண்டியிருந்தது.

இதிலே வேதனையான வேடிக்கை ஒன்றுண்டு. அதே அமெரிக்க அரசின் உளவுத்துறை 1953-இல் தொடங்கிய இரகசியத் திட்டத்தில், ஏதுமறியாத மனிதருக்கு எல்.எஸ்.டி.யைக் களவாகக் கொடுத்துப் பார்த்தது. 1970-களின் நடுப்பகுதியில்தான் இது உலகறிய வெளிவந்தது. நோயாளியின் சம்மதத்தோடு மருந்து கொடுத்த வைத்தியரின் கையையே சட்டம் கட்டியது.

இழந்தவர் யார்? மேரிலாந்து மாநிலத்தில், மரணபயத்தால் வாடிய புற்றுநோயாளருக்கு இம்மருந்து ஆறுதல் தருமா என்று 1960-களில் வைத்தியர்கள் ஆராய்ந்தனர். 1970-களில் அம்முயற்சி ஓய்ந்தது. அதே மாநிலத்தின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம், காளானிலிருந்து பெறப்படும் சைலோசைபினைப் புற்றுநோயாளர் 51 பேருக்குக் கொடுத்துக் கண்ட முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களின் பின்னும் ஏறத்தாழ 80 சதவீதத்தினரின் மனச்சோர்வும் கலக்கமும் குறைந்தேயிருந்தன. சிறிய ஆராய்ச்சிதான்; ஐம்பது பேரை வைத்து உலகை அளக்க முடியாது. ஆனால் இடையில் சென்ற நாற்பதாண்டுகளில் அச்சத்தோடே கண்மூடியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இம்மருந்துகளைக் கடைத்தெருவில் விற்கும்படி நாம் கேட்கவில்லை. சித்தப்பிரமைக்கு இடமுள்ளவரை இவை கெடுக்கக்கூடும். 2024-இல் எம்.டி.எம்.ஏ. என்னும் மருந்துக்கு மேலும் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிருவாகம் திருப்பி அனுப்பியதையும் நாம் குறைகூறோம். சான்று கேட்பது அதன் கடமை. அவுஸ்திரேலியா 2023 யூலை முதல், அனுமதி பெற்ற மனநோய் வைத்தியர்கள் மட்டும் இவ்விரு மருந்துகளையும் குறித்த சில நோய்களுக்குக் கொடுக்க இடமளித்தது. நாம் கேட்பது அதனினும் சிறிது. உயிரையே போக்கவல்ல, அடிமையாக்கவல்ல மோர்பீனை அமெரிக்கச் சட்டம் இரண்டாம் அட்டவணையில் வைத்து வைத்தியரிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை இம்மருந்துகளை ஆராய்வோரிடமும் வைக்கட்டும்.