பிள்ளையைப் பற்றிப் பேசும்போது

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் ஒரே செய்தியை இரண்டு மூன்று மொழிகளில் சொல்லிப் பழகியவர்கள். எனினும், ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றோர்க்கு ஒரு மொழியிலேனும் தக்க சொல் எளிதில் கிடைப்பதில்லை. அண்டை வீட்டாருக்கு இந்தியிலும், ஊரிலிருந்து வரும் உறவினருக்குத் தமிழிலும் விளக்கம் கூற வேண்டியிருக்கிறது. எச்சொல்லைக் கொள்வது, எதைத் தள்ளுவது?

முதற்கண் தள்ளவேண்டியது ‘நோய்’ என்னும் சொல். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. தொற்றுவதுமன்று, மருந்துண்டு நீங்குவதுமன்று. 1943ஆம் ஆண்டில் லியோ கான்னர் என்னும் மருத்துவர் இதனை விரித்தெழுதினார். அதன் பின்னர், தாயின் பரிவின்மையே இதற்குக் காரணம் என்றொரு கொள்கை பல்லாண்டு வழங்கி, அன்னையர் பலரை வருத்திற்று. அது பிழையென்பது பிறகு தெளிவாயிற்று. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழியும் பேசுவதால் வந்தது என்று நம்மவரிடம் இன்று சொல்லப்படும் கூற்றும் அத்தகைய பிழையே.

இனி, பெயர். இந்தியில் ‘ஸ்வலீனதா’ என்பர். தன்னுள் ஆழ்ந்திருத்தல் என்பது பொருள். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்னும் ஆக்கம் உண்டு. அறிவே இறுகிவிட்டது என்று கேட்போர் எண்ண இடமிருப்பதால், பேச்சில் ‘ஆட்டிசம்’ என்றே சொல்லுதல் நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆயினும் ‘குறைபாடு’ என்று சான்றிதழில் எழுதுவது உரிமையைப் பெறுதற்கு. அது வீட்டினுள் பிள்ளையின் பெயராகிவிடலாகாது.

நம் மொழிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. குழந்தையை ‘அது’ என்று சுட்ட இலக்கணம் இடந்தருகிறது. கொஞ்சுகையில் அச்சொல் இனிக்கவும் செய்கிறது. ஆனால் பதினைந்து வயது மகனைப் பற்றி, ‘அதற்கு ஒன்றும் புரியாது’ என்று அவன் எதிரிலேயே உறவினர் கூறும்போது, அச்சொல் அவனை உயர்திணையினின்று நீக்கிவிடுகிறது. பேசாத பிள்ளை கேளாத பிள்ளை என்று கொள்ளலாகாது. வாய்ப்பேச்சு வாராத பலர், எழுதக் கற்றபின், தம் முன்னிலையில் பிறர் பேசியவற்றையெல்லாம் அறிந்திருந்ததாகத் தெரிவித்திருக்கின்றனர். ஆகவே பெற்றோராகிய நாம் முதலில் ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லத் தொடங்கினால் உற்றாரும் அவ்வாறே பழகுவர்.

‘ஆட்டிசம் உள்ளவர்’ என்பதைச் சிலர் விரும்புகின்றனர். அதனைத் தம் இயல்பின் கூறாகவே கருதி வேறு விதமாகச் சொல்லிக்கொள்வாரும் பலர். பிள்ளை வளர்ந்து தன் விருப்பத்தைத் தெரிவிக்குமாயின், அதுவே முடிவாகும்.

அயலார் வினவும்போது நெடிய விளக்கம் வேண்டுவதில்லை. ‘இவன் எங்கள் மகன், இரைச்சல் இவனுக்குத் துன்பம் தரும், சற்று மெல்லப் பேசுங்கள்’ என்றால் போதும். பிள்ளை அருகிலிருந்து கேட்டாலும் அவன் மனம் நோவதற்கு அதில் ஒன்றுமில்லை.