இலவசமும் உரிமையும்



எங்கள் மதுக்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் கூட்டுக்கிணறுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பங்காளிகள் நால்வருக்கும் நீரில் முறை உண்டு. அவர்களுள் ஒருவர் முன்வந்து, "என் செலவில் மோட்டார் வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம், மோட்டார் அறையின் சாவி மட்டும் என்னிடம் இருக்கட்டும்" என்றால் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? மோட்டாரை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் சாவியைப் பற்றிக் கேளாமலும் விடமாட்டார்கள்.

கணினி உலகிலும் இச்சாவி வழக்கு உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் ஓயாது விளக்கம் கூற வேண்டியிருக்கிறது. தமிழில் அவ்விடர் இல்லை. இருந்தும் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் வேடிக்கை!

நானே குழப்பிக்கொண்டவன்தான். 1997இல் எங்கள் பள்ளிக்கு ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு விலையின்றிக் கிடைத்தது. மகிழ்ந்து, பல்லாண்டு வினாத்தாள்களை அதிலே தட்டச்சிட்டோம். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்திருந்தது. பழைய கணினி பழுதாயிற்று. புதியதில் அத்தொகுப்பு இயங்கவில்லை. கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. பொருளற்ற குறிகளே நின்றன. கொடுத்தவர் கடையையே மூடிவிட்டிருந்தார்.

தமிழ்த் தொண்டர்களுக்கும் இத்தகைய நெருக்கடி இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழா குழுவினர் எ-கலப்பை என்னும் தட்டச்சுக் கருவியை வழங்கினர். ஒருங்குறியில் தமிழ் எழுதப் பல்லாயிரவருக்குக் கைகொடுத்த கருவி அது. ஆனால் அதன் அடியில் இயங்கியது ஆஸ்திரேலியாவில் உருவான கீமேன் என்னும், அன்று மூடியிருந்த, மென்பொருள். ஏர் நம்முடையது, கொழு பிறருடையது என்ற நிலை! அதைப் பரப்பியவர்களை நான் குறை கூறமாட்டேன். அன்று அது இல்லையேல் பலர் தமிழில் எழுதியே இருக்கமாட்டார்கள். பின்னர் 3.0ஆம் பதிப்பைக் கட்டற்ற மென்பொருளாகவே எழுதினார்கள். கீமேனும் காலப்போக்கில் திறந்த மூலமாயிற்று.

எல்லாக் கதையும் இவ்வளவு அமைதியாக முடிவதில்லை. லினக்ஸ் கருவை உருவாக்குவோர் தங்கள் திருத்தங்களைத் தொகுக்க 2002 முதல் பிட்கீப்பர் என்ற மூடிய கருவியைப் பயன்படுத்தினர். அவர்களுக்குக் காசில்லை, ஆனால் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை உருவாக்கலாகாது என்பது நிபந்தனை. ஸ்டால்மன் கண்டித்தார். லினஸ் டோர்வால்ட்ஸோ, நல்ல கருவி, அது போதும் என்றிருந்தார். 2005இல், ஆண்ட்ரூ டிரிஜெல் அக்கருவியோடு உரையாடும் ஒரு நிரலை எழுத முனைந்ததும், உரிமையாளர் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றார். சாவி அவரிடம் அன்றோ இருந்தது! டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் சில நாட்களிலேயே கிட் என்ற புதிய கருவிக்கு அடித்தளம் இட்டார். இன்று உலகெங்கும் நிரலர் கையாள்வது அதுவே. ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஒரு டோர்வால்ட்ஸ் வாய்ப்பாரா?

கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் கூடுமிடத்தில் ஒருவர் தம் மூடிய செயலியைப் புகழ்ந்து, "எல்லோரும் நிறுவிக்கொள்ளுங்கள்" என்றால், வெளியேற்றுக என்பர் சிலர். யான் அத்துணைக் கடுமையானவன் அல்லன்; என் கைப்பேசியிலும் மூடிய செயலிகள் உள்ளன. எனினும் செயலி மூடியது என்பதையும், நாளை அது நின்றால் நம் எழுத்தை எவ்வாறு வெளியே எடுப்பது என்பதையும் அவர் முதலிலேயே கூற வேண்டும். கூறத் தயங்கினால், அவர் வந்தது விற்பனைக்கே என்று கொள்ளலாம்.

எங்கள் வினாத்தாள்களின் அச்சுப்படிகள் நல்வாய்ப்பாக அலமாரியில் இருந்தன. இப்போது மாலைதோறும் அவற்றை ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சிட்டு வருகிறேன். இன்னும் மூன்று கட்டுகள் உள்ளன.