அட்டகாசம்



நான் வைத்த ஒரு தலைப்பைச் சொல்லித் தொடங்குகிறேன். 'ராகிக் கொல்லையில் காட்டு யானைகள் அட்டகாசம்.' சில வருடங்களுக்கு முன்பு பெங்களூரில் ஒரு சிறு பத்திரிகைக்குத் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காடு, விலங்கு, பறவை என்று வருகிற கட்டுரைகளைத் திருத்தி, தலைப்பு வைத்து, படக்குறிப்பு எழுதி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. இதழ் வெளிவந்த நாலாம் நாள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"சார், அட்டகாசம்னு போட்டிருக்கீங்க. சினிமா நல்லா இருந்தாலும் அட்டகாசம்ங்கிறீங்க, யானை வந்தாலும் அட்டகாசம்ங்கிறீங்க. எங்க கொல்லைக்கு வந்தது நாலு பொட்டை யானை, ஒரு குட்டி. வந்துச்சு, தின்னுச்சு, விடியறதுக்குள்ள போயிருச்சு. ஒரு போர் ராகி போச்சு. அது எந்தப் பக்கம் போச்சுன்னு ஒரு வரி எழுதியிருந்தா, அடுத்த ஊர்க்காரன் உஷாரா இருந்திருப்பான்ல?"

பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது யானை எங்கேயோ போயிருக்குமே ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு பக்கக் கட்டுரையில் பயம் இருந்தது, பரபரப்பு இருந்தது, தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் ஒரு யானையின் படம் இருந்தது. அந்தப் படம்கூட வேறு எங்கோ எடுத்தது. யானை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எங்கே போனது, இந்த மூன்றும் மட்டும் இல்லை.

எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் பெங்களூரிலேயே இருக்கிறது. நகரத்தின் தெற்கு விளிம்பில் பன்னேர்கட்டா. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சஃபாரி பஸ்ஸில் ஏறுகிற நமக்கு அது ஒரு பூங்கா. யானைக்கு அது காவிரிக் கரை வரை நீள்கிற காட்டின் வடக்கு வாசல். மழை முடிந்து ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் கூட்டங்கள் அங்கிருந்து கிளம்பி தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஒசூர் பக்கத்துச் சானமாவுக் காடு வரை வரும். வருடா வருடம் நடப்பதுதான். பழைய தமிழில் இதற்கு 'வலசை' என்று அழகான சொல் உண்டு. செய்தித்தாள் தமிழில் அது 'ஊருக்குள் புகுந்தது' ஆகிவிட்டது. கன்னடப் பத்திரிகைகள் மட்டும் என்ன? 'ஆனெ ஹாவளி' என்று எழுதுவார்கள். ஹாவளி என்றால் தொல்லை. மாநில எல்லையின் இரண்டு பக்கமும் தலைப்பு ஒன்றுதான்.

யானை மட்டுமில்லை, கதையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தியாவில் காட்டுயிர்க் கதைகள் சமைக்கப்படும் பெரிய அடுக்களைகளில் ஒன்று பெங்களூர். உல்லாஸ் கரந்த் 1984-ல் தொடங்கிய காட்டுயிர் ஆய்வு மையம் இங்கே. காட்டுப் பூனைகளைத் தேடி இமயம் வரை கேமராவோடு போன சந்தேஷ் கடூர் இந்த ஊர்க்காரர். ஏறக்குறைய நான்கு வருடம் படமெடுத்து, டேவிட் அட்டன்பரோ குரல் கொடுத்து, 2020 ஜனவரியில் தியேட்டருக்கே வந்த 'வைல்ட் கர்நாடகா' இங்கே உருவானது. மறு வருடம் அது தொலைக்காட்சியில் வந்தபோது தமிழுக்குக் குரல் கொடுத்தவர் பிரகாஷ்ராஜ்.

ஆனால் எனக்குப் பிடித்த பெங்களூர்க் கதை இவற்றைவிடச் சின்னது. ஜாபர் ஃபதேஹலி என்று ஒருவர். பறவையியலாளர் சாலிம் அலியின் சொந்தக்காரர், பம்பாய்க்காரர், எழுபதுகளில் பெங்களூருக்குக் குடிவந்தவர். 1959-ல் பறவை பார்ப்பவர்களுக்காக ஒரு செய்திமடல் ஆரம்பித்தார். சைக்ளோஸ்டைல் மைவாசனை அடிக்கும் சில தாள்கள், அவ்வளவுதான். அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் நடத்தினார். வாங்குகிறவர்களேதான் அதில் எழுதினார்கள். இன்ன ஏரியில், இன்ன தேதியில், இத்தனை வாத்துகள் என்கிற மாதிரிக் குறிப்புகள். எங்கே, எப்போது, எத்தனை. தேன்கனிக்கோட்டைப் பெரியவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொரு காட்சி. 2016 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் சிறுத்தை. நீச்சல் குளத்தோரம் ஓடிவந்து ஒருவரைக் கடித்து இழுக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடிபட்டவர் சஞ்சய் குப்பி. சிறுத்தைகளை ஆராய்கிறவர். அந்தச் சில நொடித் துண்டு உலகம் முழுக்க ஓடியது. காலையிலிருந்து சிறுத்தை அங்கே மாட்டிக்கொண்டிருந்தது, சுற்றி ஆட்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம், மயக்க ஊசி போட முயற்சி, இரவில்தான் அதைப் பிடிக்க முடிந்தது. இதெல்லாம் அந்தத் துண்டில் கிடையாது. எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கிறவர்தான் கதையையும் தீர்மானிக்கிறார். அடுத்த சில நாட்களில் சிறுத்தை பயத்தில் பல பள்ளிகள் விடுமுறை விட்டன. குப்பியோ காயம் ஆறித் திரும்பவும் சிறுத்தைக் காட்டுக்கே போனார். 2017-ல் அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது, 2021-ல் சிறுத்தைகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அந்தக் காணொளி பார்த்தவர்களில் நூற்றில் ஒருவராவது அந்தப் புத்தகத்தைத் தொட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, வெட்டுவது ஒரு பக்கம். சொல் இன்னொரு பக்கம். காட்டுயிர் என்று இப்போது நான் சொல்கிறேனே, இதை வனவிலங்கு என்றுதான் பல காலம் எழுதினோம். விலங்கு என்றால் நாலுகால் பிராணி மட்டும்தானே? மரமும் தட்டானும் தவளையும் எங்கே போவது? காட்டுயிர் என்ற சொல்லைத் தமிழில் நிலைநிறுத்தப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் தியடோர் பாஸ்கரன். தபால் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று பெங்களூரில் குடியேறியவர். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தேடி எடுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்துக் கொடுத்தவரும் அவரே. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன். கர்நாடகத்தில் பல்லாரிப் பக்கம் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். 1950 தொடங்கி 1996-ல் சாகும்வரை ஒரே ஆங்கில நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். நாற்பத்தாறு வருடம். இன்றைக்கு நாற்பத்தாறு வாரம் ஒரு பத்தி ஓடினாலே பெரிய விஷயம்.

சொல்லின் வேலையை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, ஒரு தேவாங்கு. பெங்களூரில் தேவாங்கா என்று கேட்பீர்கள். இந்திய அறிவியல் கழக வளாகத்தில், வேளாண் பல்கலைக்கழகத்துப் பக்கம், பழைய மரங்கள் கிளையோடு கிளை தொட்டு நிற்கும் இடங்களில் இருக்கிறது. கணக்கெடுக்கப் போகிறவர்களோடு ஒருநாள் இரவு நானும் ஒட்டிக்கொண்டேன். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தார்கள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசும் என்று. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. கழுத்து வலிதான். பிறகு ஒரு மூங்கில் புதருக்கு மேலே, பீடி நெருப்பு போல இரண்டு புள்ளி. ஒரு கை மெதுவாக நீண்டது. அடுத்த கிளையைப் பிடித்தது. அப்புறம்தான் மறு கையை விட்டது. அவசரமே இல்லை. அதன் பிடி எங்கேனும் விட்டுப்போனதாக நான் பார்க்கவில்லை.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக ஒரு பிள்ளை இருந்தால், 'ஏன்டா தேவாங்கு மாதிரி இருக்கே?' கன்னடத்தில் அதற்குப் பெயர் காடு பாப்பா. காட்டுக் குழந்தை. ஒரே பிராணி, இரண்டு மொழி. ஒரு மொழியில் திட்டு, இன்னொன்றில் கொஞ்சல். 2022-ல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தது, 11,806 ஹெக்டேர். இந்தியாவில் தேவாங்குக்குக் கிடைத்த முதல் சரணாலயம். அந்தச் செய்தியை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "தேவாங்குக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திருத்த அரசாணை போதாது.

தேவாங்கு பார்த்த அன்றிரவு எடுத்த படங்களில் இடத்தைக் காட்டும் விவரங்களை எல்லாம் நானே அழித்தேன். எந்த மரம், எந்தப் பாதை என்று போட்டால் மறுநாளே கேமராக் கூட்டம் வரும், பில்லிசூனியத்துக்குத் தேவாங்கு தேடுகிறவனும் வருவான். ஆந்தைக் கூடானாலும் இதே விதிதான். இங்கே இடத்தை மறைக்க வேண்டும், யானைக்கு இடத்தைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் இருக்கிற சங்கடம் இது. யார் காதுக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

மறுபடியும் சொல்லுக்கே வருகிறேன். 2023 மார்ச்சில், தெப்பக்காடு முகாமில் வளர்ந்த யானைக் குட்டி ரகுவின் கதையைச் சொன்ன ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வந்தது. பொம்மனும் பெள்ளியும் அதை வளர்த்த கதை. நாடே கொண்டாடியது, நானும்தான். ரகு ஒசூர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து போன குட்டி. தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. படத்தில் அது ஓரிரு வரியில் வந்துபோகும். குற்றம் சொல்லவில்லை, அந்தப் படம் பேச வந்தது வேறு விஷயம். ஆனால் விருது அறிவிப்பதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள், மார்ச் 7-ஆம் தேதி, தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் மின்கம்பியில் அடிபட்டுச் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. பத்திரிகைகளில் 'மின்வேலியில் சிக்கி' என்று வந்தது.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். சூரிய சக்தியில் ஓடும் வேலியும் மின்வேலிதான். அதில் சில ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனால் நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு சுண்டு. யானை தொடும், உதறும், திரும்பும். கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ நேராகக் கம்பி இழுத்துக் கட்டுவதையும் மின்வேலி என்றே எழுதுகிறோம். அதில் மின்சாரம் விடாமல் ஓடும், பிடித்தது பிடித்ததுதான். யானை சாகும், மாடு சாகும், இருட்டில் ஒதுங்கப் போன மனிதனும் சாவான். ஒன்று வேலி, ஒன்று கொலைக்கம்பி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், அரசு மானியத்தில் முறையாக வேலி போட்ட விவசாயியையும் ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. நான் இப்போது 'திருட்டு மின்கம்பி' என்று திருத்துகிறேன். இன்னும் நல்ல சொல் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள்.

தமிழில் நான் படித்த சிறந்த காட்டுயிர் எழுத்து எது என்று கேட்டால் வால்பாறையைத்தான் சொல்வேன். 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேடு, எழுபதாயிரம் சனம், நடுவே வந்துபோகும் யானைகள். மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் சகாக்களும், யானை தாக்கி இறந்தவர்களின் சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரும்பாலும் அங்கே யானை நிற்பது தெரியாமலே எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள். அதனால் முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும், பிறகு செல்போனில் குறுஞ்செய்தியாகவும், இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்தில் யானை நிற்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். முக்கியமான திருப்பங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள், எரிந்தால் பக்கத்தில் யானை. 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அந்தக் குறுஞ்செய்திகளில் உவமை இல்லை, அட்டகாசம் இல்லை. வேலை முடிந்து இறங்குகிற பெண் அதைப் படித்துவிட்டு வேறு வழியில் வீட்டுக்குப் போகிறாள்.

தேன்கனிக்கோட்டைப் பெரியவரை மறு வருடம் நேரில் பார்த்தேன். அறுவடைக்கு முந்தின வாரம். புளியமரத்துக் கவட்டையில் பரண், ஏறிப் போக மூங்கில் ஏணி. மேலே ஒரு கம்பளி, ஒரு டார்ச், தகர டப்பா, பட்டாசுப் பொட்டலம். அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு பழைய ரேடியோ. ராத்திரி முழுக்கப் பாட்டு கேட்பீர்களா என்றேன்.

"பாட்டோ, பேச்சோ, எது வந்தா என்ன சார்? நான் தூங்கிப்போனாலும் அது பேசிக்கிட்டே இருக்கும். இங்க ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியணுமில்ல?"

எந்த 'அதுக்கு' என்று நான் கேட்கவில்லை.