மாணவர் மனநலமும் மதிப்பெண் பரிசும்

(சங்கத்தின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வி பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் எளியேனைப் பணித்தனர். தமிழாசிரியன் எழுந்தால் வள்ளுவரில் தொடங்கிக் கம்பரில் முடிப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. இன்று யான் அவ்வழிச் செல்லக் கருதவில்லை. பரிசு பெறுவோர் சற்று நேரத்தில் இம்மேடைக்கு வருவர். தேர்வில் தவறிய நம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் இம்மண்டபத்தில் காணேன். அவர்களை வரவேண்டா என்று தடுத்தவர் எவருமிலர், அவர்களே வரவில்லை. வராதவர்களைக் குறித்தே யான் பேச விரும்புகின்றேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர் 13,044 பேர். இவர்கள் அனைவரும் தேர்வினாலேயே மாண்டனர் என்று உரைப்பது பிழை. வீட்டுப் பூசல், நோய், வறுமை, தனிமை எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆயினும் தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில் ஆசிரியர் நெஞ்சம் படும் பாடு ஆசிரியர்க்கே தெரியும்.

இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர் சென்னை மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் அவர்கள். 1986-ஆம் ஆண்டில் 'சினேகா' என்னும் அமைப்பை அங்கு நிறுவியவர் அவரே. முன்னாளில் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் மாணவன் அவ்வாண்டுக் கல்லூரிச் சேர்க்கையை இழந்து, உடன் பயின்றோர் முன்னே செல்ல, தான் மட்டும் வீட்டில் முடங்கிக் கிடப்பான். சில வாரங்களுக்குள்ளேயே மறுமுறை எழுத வழிசெய்தால் அந்த ஓராண்டு இழப்பும் அதனோடு வரும் மானக்கேடும் நீங்கும் என்று அவர் போன்றோர் வற்புறுத்தினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழக அரசு உடனடித் துணைத்தேர்வை ஏற்படுத்தியது. இதில் பாடத்திட்டமும் மாறவில்லை, வினாத்தாளும் எளிதாகவில்லை. கதவு ஒன்று திறந்தது, அவ்வளவே.

நாஞ்சில் நாட்டார்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? கன்னிப்பூ பொய்த்தால் வயலை விற்றுவிட்டு ஊரைவிட்டு ஓடுவார் நம்முள் எவர்? வரப்பைச் செப்பனிட்டுக் கும்பப்பூவிற்கு நாற்றங்கால் பார்ப்போம். விளையாத வயலை எவரும் 'மூட வயல்' என்று வைதல் இல்லை. நீர் வந்ததா, வித்து நல்லதா, பூச்சி விழுந்ததா என்று ஆராய்வோம். இத்துணை அறிவும் வயலளவில் நின்று, பிள்ளைகளிடம் வரும்போது எங்கோ மறைந்துவிடுகின்றது.

2017-ஆம் ஆண்டிலே தமிழகப் பள்ளிக் கல்வித்துறை, பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை நிறுத்திற்று. அரசு நிறுத்தியதை நாம் நிறுத்தவில்லை. ஊர் முகப்பில் பதாகை கட்டுகின்றோம். கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் மதிப்பெண் சொல்கின்றோம். கல்யாணப் பந்தியில் இலை போடுமுன்னே 'மகன் எத்தனை மார்க்கு?' என்று வினவுகின்றோம். நான்கு மதிப்பெண் குறைவால் இரண்டாமிடம் பெற்ற மாணவன் ஒருவன், உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்குச் செல்ல மறுத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டதை யான் அறிவேன். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைக்கே இந்நிலை என்றால், தவறிய பிள்ளை எங்கே போய் ஒளியும்?

புகழ்ந்தால் கேடில்லை என்றன்றோ நாம் எண்ணுகின்றோம்! அமெரிக்க உளநூலார் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்னும் இருவர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கேண்மின். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில உருவப் புதிர்களைக் கொடுத்தனர். பின்னர் ஒரு சாராரை 'நீ மிக்க அறிவாளி' என்றும், மற்றொரு சாராரை 'நீ நன்கு முயன்றிருக்கிறாய்' என்றும் புகழ்ந்தனர். அடுத்து எப்புதிர் வேண்டும் என்று கேட்டபொழுது, அறிவாளி எனப் பெற்றோர் எளிதானதையே பெரிதும் நாடினர். முயன்றாய் எனப் பெற்றோர் கடினமானதைத் தேர்ந்தனர். கடினப் புதிரில் எல்லாரும் இடறிய பின் மீண்டும் எளிய புதிர் வந்தது. முன்னவரின் திறம் முன்னிருந்ததிலும் குறைந்தது, பின்னவரது உயர்ந்தது. தம் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபொழுது கூட்டி எழுதியவரும் அறிவாளிப் பட்டம் பெற்றவருள்ளேதான் மிகுதி. பிற்காலத்தார் இக்கொள்கையைப் பள்ளிகள்தோறும் பாடமாக நடத்திப் பார்த்தபோது பயன் சிறிதாகவே இருந்தது என்பதையும் மறைத்தல் தகாது. எனினும் புகழுரை ஒரு பிள்ளையை அச்சமுடையதாக ஆக்கவும் கூடும் என்பது சிந்தித்தற்குரியது. 'நம் குடும்பத்தில் எவரும் தோற்றதில்லை' என்று பெருமையாகச் சொல்லும் தந்தையர் இதனை மனத்திற் கொள்வாராக.

'அடியாத மாடு படியாது. அச்சமின்றிப் படிப்பு ஏது?' என்பார் பெரியோர் சிலர். 1908-ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். இரு பெட்டிகளின் வேறுபாட்டை எலி கண்டறிய வேண்டும், தவறினால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதிற் புலப்பட்டபோது வலிய அதிர்ச்சி விரைவிற் கற்பித்தது. வேறுபாடு நுட்பமானபோதோ, வலிய அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. மெல்லியதே பயன் தந்தது. மாட்டை நுகத்தில் பூட்ட அச்சம் போதும்போலும்; இயற்கணிதத்திற்கு அது போதாது. நிற்க, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டத்தோடு மனத்தை வருத்துதலையும் சேர்த்தே விலக்கியுள்ளது. பிரம்பை ஒளித்து வைத்துவிட்டு நாவைப் பிரம்பாக்கும் ஆசிரியர்க்கும், பெற்றோர்க்கும் அப்பிரிவு பொருந்தும் என்பது என் கருத்து.

இனி, வேலை செய்வோர் நலம் பற்றிய ஆராய்ச்சிகளைச் சிறிது நோக்குவோம். இலண்டனில் அரசு ஊழியரைப் பற்றிய 'வைட்ஹால்' ஆராய்ச்சி 1967-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மேலதிகாரிக்கே கவலை மிகுதி, ஆதலின் மாரடைப்பும் அவர்க்கே மிகுதி என்று உலகம் நம்பியிருந்தது. கண்டதோ மாறானது: கடைநிலை ஊழியரிடையே இதயநோய் இறப்பு, உச்சியில் இருந்தோரினும் ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, கொழுப்பு முதலியவற்றைக் கணக்கிட்ட பின்னும் பெரும்பகுதி விளங்காமல் நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில், தன் வேலையைத் தான் நடத்தும் உரிமை இல்லாமை ஒரு முக்கிய காரணமெனத் தெரியவந்தது. இராபர்ட் கராசெக் என்பாரும் 1979-இலேயே, பளு மிக்கு உரிமை குறைந்த வேலையே மனிதனை மிகவும் வாட்டும் என்று எழுதியிருந்தார்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் வீட்டுப் பிள்ளையின் நாளை அளந்து பாருங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு டியூஷன், பின் பள்ளி, மாலை மீண்டும் டியூஷன், இரவு வீட்டுப் பாடம். எப்பாடம் படிப்பது, எப்போது உறங்குவது, எக்கல்லூரி சேர்வது, ஒன்றையும் தீர்மானிக்கும் உரிமை அப்பிள்ளைக்கு இல்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் முடிபு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல், இவ்வயதினர் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என்றே பரிந்துரைத்தது. இங்கோ எட்டரைக்குள் பிள்ளைகள் ஒரு பாடம் கேட்டு முடித்துக் களைத்திருக்கின்றனர். முதற்பாட வேளையில் செய்யுள் நடத்தும் எனக்கு, சீர்பிரித்துப் படிக்கும் குரல்களைவிடக் கொட்டாவியொலியே மிகுதியாகக் கேட்கின்றது.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் அன்பர்கள் இங்கு உள்ளனர். அவர்கட்கும் ஒரு சொல். கேரளம் 2018-இலும் தமிழகம் 2021-இலும் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று விதித்தன. நாள் முழுதும் நிற்கும் அப்பெண்களும் நேற்றுவரை நம் வகுப்பறைகளில் இருந்தவர்களே. நாற்காலி போட்ட கடைக்காரரை வணங்குகின்றேன்; போட்டும் அமரவிடாதவர் நாளைக் காலையே மனம் மாறலாம்.

பரிசை அடியோடு நிறுத்துவதா என்று செயலாளர் முகம் வாடுவது தெரிகின்றது. வேண்டா. உழைத்துப் படித்த பிள்ளைக்கு ஊரார் கைதட்டுவது நம் கடமை. ஆனால் இவ்விழாவின் வரிசை மாறலாம். ஆகவே இப்பேரவையின்முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றேன். வரும் ஆண்டுமுதல், துணைத்தேர்வு எழுதித் தேறிய மாணவர்க்கும் இதே மேடையில், இதே மதிப்புள்ள பரிசு வழங்குக. துணைத்தேர்வுக்கு முந்திய வாரங்களில் இம்மண்டபத்தை மாலைதோறும் திறந்து வைத்துக் கட்டணமின்றிப் பாடம் சொல்லுக. தமிழும் இலக்கணமும் யான் ஏற்கின்றேன், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நம்முள் ஆசிரியர்க்குப் பஞ்சமில்லை. அழைப்பிதழில் மதிப்பெண் அச்சிடுவதை விடுத்துப் பெயர் மட்டும் அச்சிடுக. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-இல் இந்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. இரவும் பகலும், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. அதனைச் சங்கப் பலகையிலும் இத்திங்களிதழின் அட்டையிலும் எழுதி வைக்குக. தேர்வு முடிவு வரும் நாளில், சங்க உறுப்பினர் இருவர் இருவராகத் தவறிய பிள்ளைகள் வீட்டிற்கு முதலில் செல்லுக; அங்கே ஆறுதல் கூறி, துணைத்தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளைச் சொல்லிவிட்டு, வென்றவர் வீட்டுக்கு அதன்பின் இனிப்புண்ணப் போகலாம்.

வழிமொழிவார் உளராயின், அவைத்தலைவர் இசைவுடன், இப்போதே எழுந்து சொல்லுக.