படுக்கை காலியில்லை

வழக்கறிஞரிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அழைத்திருக்கிறீர்கள். நன்றி.

நான் போகிற இடமெல்லாம் சொல்கிற வழக்கு ஒன்று உண்டு. 1992 ஜூலையில், மேற்கு வங்கத்தின் மதுராபூர் ரயில் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையில் படுக்கை காலியில்லை. இன்னொன்றில் தலைக்காயத்துக்கான சிகிச்சைப் பிரிவே கிடையாது. ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு என்று கண்டுபிடித்து, அதற்கப்புறம் படுக்கை இல்லை என்றார்கள்! கடைசியில் தனியாரிடம் சேர்த்தார்கள். செலவு சுமார் 17,000 ரூபாய்.

1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால், அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது. நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது.

நான் சட்டம் படித்த நாளில் அதே அரசமைப்பின் 47ஆம் பிரிவு என்றால் மதுவிலக்குதான். டீக்கடையில் அதைவைத்துத் தொண்டை வறளச் சண்டை போடுவோம். ஊட்டச்சத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்று அதே பிரிவு முதலில் சொல்வதை யாரும் பேசியதாக நினைவில்லை.

கடமை இப்படி மறந்துபோகும்; அதிகாரம் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை. பம்பாய் பிளேக்கை ஒட்டி 1897இல் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டம் கொரோனா வரை கைகொடுத்தது. சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம். வைத்தியம் பார்த்தாக வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. குடிநீர், சாக்கடை என்று உள்ளாட்சியின் கடமைகளை எழுதிவைத்த 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் எனக்கு அதைவிடப் பெரிது.

இளம் மருத்துவர்களே, நாளை இரவுப் பணியில் உங்களிடமும் படுக்கை இருக்காது. முதலுதவி கொடுத்து, அடுத்த மருத்துவமனைக்கு நீங்களே போன் போட்டு இடம் கேளுங்கள். பெயர், வந்த நேரம், அனுப்பிய காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறட்டும். அந்தக் கல்கத்தா வழக்கில் நடந்ததை விசாரித்த குழு வலியுறுத்தியதும் ஒழுங்கான பதிவேட்டைத்தான். மாதம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று மேலிடத்துக்கு எழுதுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் எங்களால் நீதிமன்றத்தில் அரசைக் கேட்க முடியும்.